விரலால் கேட்பவர்

முதல் நாள் அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இடது கையை நீட்டச் சொன்னார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தையல் ஆறிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

“பேசுது,” என்றார் கடைசியில். மராத்தி பேசும் அந்த ஊரில் தமிழில் சொன்னதால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் மையம். எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம். அவர் அங்கே டெக்னீஷியன். குட்டையான உருவம், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. ஏரவாடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் அவரை சிஸ்டர் என்றேன். மற்றவர்கள் எல்லாரும் ‘தாயி’ என்பார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். என் காதில் அது தாய் என்றே விழும். ஆனால் தாய்மாதிரி கொஞ்சுகிற ஆளே இல்லை அவர்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆகுர்டியில் கார்களுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தேன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது என்று சொல்லி, கையில் சின்னதாக ஓர் அறுவை செய்திருந்தார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள். இதயத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் ரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும். அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கி, காகிதம்போல் இருந்த சிரையின் சுவர் சில வாரங்களில் கயிறுபோல் தடிக்கும். அதில்தான் வாரம் மூன்று நாள் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், மற்றதன் வழியாகத் திரும்பும். இந்த இணைப்புக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். இதில் ரத்தம் ஓடும்போது தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத்தான் அவர் பேச்சு என்றார்.

“காதை வெச்சுக் கேளுங்க அண்ணா.”

கையை மடக்கிக் காதில் வைத்தேன். சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல், ஏறி இறங்கி வந்தது.

“தினம் காலைல, பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடணும். பேசலேன்னா எனக்கு ஃபோன். டாக்டருக்கு அப்புறம் பண்ணிக்கலாம். இந்தக் கையில வாட்ச் நகோ, பை தூக்கறது நகோ, தலைக்கு வெச்சுத் தூங்கறது நகோ.”

நகோ என்றால் வேண்டாம். அந்த ஒரு சொல்லை மராத்தியில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

யாராவது எதையாவது பார்த்து ‘அவ்வளவுதான், முடிஞ்சது’ என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. “யார் சொன்னா? அதையே கேட்டுப் பாக்கலாமே,” என்பார். ஒருமுறை இயந்திரங்களுக்குச் சுத்த நீர் அனுப்பும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டது, நாளைக்குத்தான் மாற்ற முடியும் என்று மெக்கானிக் கைவிரித்தார். ஆறு பேர் கட்டிலில் காத்திருந்தோம். சிஸ்டர் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து, சுவரோரமாகவே நடந்து போனார். எந்த இடம் வரைக்கும் அதிர்கிறது, எங்கே அதிர்வு நிற்கிறது என்று பார்த்தார். நின்ற இடத்தில், யாரோ தெரியாமல் மூடிவிட்ட ஒரு வால்வு இருந்தது. திறந்துவிட்டு, மெக்கானிக்கிடம் ஒன்றுமே சொல்லாமல் வந்து எங்களுக்கு ஊசி குத்த ஆரம்பித்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் நானே கேட்டேன். நான்கு மணி நேரம் கட்டிலில் கட்டுண்டு கிடப்பவனுக்குப் பேச்சுதானே பொழுது.

“எங்க அப்பாக்கு காது கேக்காது,” என்றார் ஊசியின்மேல் பிளாஸ்திரி ஒட்டியபடி. “மெஷின் சத்தத்துல போயிடுச்சு. நான் சர்ச்சுல பாடுவேன்ல, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பாடச் சொல்வார். என் தொண்டையில ரெண்டு விரலை வெச்சுப்பார். ஸ்ருதி தப்பினா கண்டுபிடிச்சிடுவார், தெரியுமா?” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

அவரிடம் பயமும் இருந்தது எங்களுக்கு. திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எடை பார்க்கும் முன்பே கணுக்காலை அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அப்படி ஒருநாள் அவமானப்பட்டு, ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சிஸ்டர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மனிதரோடு பேச்சு நின்றாலும் அவருடைய கையோடு இவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

என் மைத்துனர் குடியாத்தத்திலிருந்து வந்திருந்தபோது இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டேன். மறுநாள் மையத்தின் படி ஏறும்போது கால்கள் பஞ்சாகிவிட்டன. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி வரைபடம் எடுத்தார், வரிசையில் இருந்த மூவரைத் தாண்டி என்னை இயந்திரத்தில் போட்டார். அதற்குப் பிறகுதான் மைத்துனரிடம் திரும்பினார்.

“நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்தீங்க. அதுல பொட்டாசியம் நிறைய. உங்களுக்குக் கூடினா கிட்னி வெளிய தள்ளிடும். இவருக்குத் தள்ள ஆள் இல்ல. ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருக்கும். அளவு மீறினா இதயம் அப்படியே நின்னுடும்.”

பெரிய மீசை வைத்த என் மைத்துனர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் சிஸ்டர்தான்.

மையத்துக்குக் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு மாமரம் இருந்தது. சன்னலோரக் கட்டிலில் படுத்தால் அதன் தலை தெரியும். அந்தக் கட்டில் பெரும்பாலும், எல்லாரும் ‘காகா’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்ட ஒரு பெரியவருக்குத்தான். ஜுன்னர் பக்கத்துத் திராட்சை விவசாயி, அறுபது வயது. வாரம் மூன்று நாள் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, நான்கு மணி நேரம் படுத்துவிட்டு, மறுபடி பஸ் ஏறிப் போவார். இந்தப் பயணம்தான் நோயைவிடக் கொல்கிறது என்பார்.

ஒரு கோடையில் அந்த மரத்தின் பட்டையை யாரோ ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்துவிட்டார்கள். பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று யாராவது செய்திருக்கலாம். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எங்களில் பலர், இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றோம். காகா மட்டும் தலையை ஆட்டினார்.

“இலை பச்சையாகத்தான் இருக்கும்,” என்றார் மராத்தியில். “வேர் உறிஞ்சுகிற தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. கட்டையில் கை வைக்கவில்லையே. ஆனால் இலை சமைக்கிற சாப்பாடு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அந்த வழியை வெட்டிவிட்டான். இப்போது வேர் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அது தீர்ந்ததும் மேலே எல்லாம் ஒரே நேரத்தில் காயும்.”

“அப்ப முடிஞ்சதா காகா?” என்று யாரோ கேட்டார்கள்.

சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “அதை மரத்தைக் கேட்டுப் பாக்கலாமே. எப்படிக் கேக்கறது காகா?”

உரித்த இடத்துக்குக் கீழே நகத்தால் லேசாகச் சுரண்டு, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்றார் காகா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் கீழே போனார். கைபேசியில் காகாவை வீடியோவில் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டினோம். திரையில் அவருடைய கட்டைவிரல் நகம், அதற்குக் கீழே ஈரமான ஒரு பச்சைக் கீற்று.

அடுத்த முறை நாங்கள் வந்தபோதும் அந்த வார்டில் வேறு பேச்சு இல்லை. காகாவின் இரு ஊசிகளும் கையில் இருந்தன, அவரால் எழுந்திருக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல கீழே சிஸ்டர் செய்தார். அதே மரத்தில் பென்சில் தடிமனில் நான்கு குச்சிகள் வெட்டினார். இரு முனையையும் ஆப்புபோல் சீவினார். காயத்துக்கு மேலே பட்டைக்குள் ஒரு முனை, கீழே பட்டைக்குள் ஒரு முனை. உரித்த இடத்தின் குறுக்கே நான்கு பாலங்கள்.

“வளர்கிற பக்கம் மேலே இருக்கட்டும்!” காகா கைபேசியில் கத்தினார். “தலைகீழாக வைத்தால் பிடிக்காது. கொஞ்சம் வில்லாக வளைத்து வை, மரம் காற்றில் ஆடும்!”

வீட்டிலிருந்து கொண்டுவந்த மெழுகுவர்த்தியை உருக்கி ஓரங்களை அடைத்தார் சிஸ்டர். பாலித்தீன் தாளைக் கிழித்துக் கட்டினார். மையத்தின் மேனேஜர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “இது ஆஸ்பத்திரியா, நர்சரியா?” என்றார். “ரெண்டும் ஒரே வேலைதான் சார்,” என்று பதில் வந்தது.

மழைக்காலம் முடிந்தபோது நான்கில் மூன்று பிடித்துக்கொண்டிருந்தன. காகாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார். காகா அந்தக் குச்சிகளைத் தொட்டுப் பார்த்தார், தடித்திருந்தன. பிறகு தன் கையில் தடித்திருந்த சிரையைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

இப்போது நான் சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்லவேண்டும்.

அந்தத் தீபாவளியை ஒட்டி என் மனைவி செல்விக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது. அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்றார்கள். அவள் தயார். நான்தான் மாட்டேன் என்றேன். மகள் பத்தாம் வகுப்பு. ஒரு வீட்டில் ஒரு வெட்டுப்பட்ட உடம்பு போதும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

அந்த நாட்களில் ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிப்போயிருந்தேன். காலையில் எழுந்து கையைக் காதில் வைத்தேன். சத்தம் இல்லை. விரலை வைத்தேன். அதிர்வு இல்லை. ரத்தம் உறைந்து வழி அடைத்திருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. ஒரு நிம்மதி வந்தது. கை மூடிவிட்டால் எல்லா வாக்குவாதமும் தானாக மூடிவிடும் என்று தோன்றியது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். செல்வியிடம் சொல்லவில்லை. சிஸ்டருக்கு ஃபோன் செய்யவில்லை. வழக்கம்போல் பத்து மணிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அவர் சட்டைக்கையைச் சுருட்டி விரலை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

“எப்பலேர்ந்து?”

“இப்பதான் சிஸ்டர். வர்ற வழியில...”

“பொய் நகோ அண்ணா.”

“காலையில ஆறு மணியிலேர்ந்து.”

டியூட்டி டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். மூடிவிட்டது, கழுத்தில் குழாய் போட்டு இன்றைக்கு ஓட்டலாம், பிறகு வலது கையில் புதிதாகச் செய்யலாம் என்றார். சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் கைமேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். முழங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“சார், இங்க கேக்குது. மேல வழி திறந்துதான் இருக்கு. கட்டி சின்னது. சர்ஜனைக் கேட்டுப் பாக்கலாமே, சீக்கிரம் போனா எடுத்துடுவார்.”

டாக்டர் அந்த இடத்தில் தானும் கேட்டார். ஃபோனை எடுத்தார். மதியத்துக்குள் வந்தால் பார்க்கிறேன் என்றார் சர்ஜன். சிஸ்டர் தன் கட்டில்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். ஏரவாடாவைத் தாண்டிப் பாலத்தில் நெரிசல். அவருடைய விரல் என் முழங்கையை விட்டு நகரவில்லை.

“ஏன் அண்ணா சொல்லல?”

சொன்னேன். செல்வி, மகள், வெட்டு, எல்லாவற்றையும். ஆட்டோக்காரர் தமிழ் தெரியாதவர் என்பதால் கொஞ்சம் அழவும் செய்தேன்.

அவர் தேற்றவில்லை. “குடுக்கறது நகோன்னு நீங்க சொல்றீங்க. அண்ணி என்ன சொல்றாங்க?”

“அவ சரின்னுதான் சொல்றா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா...”

“அவங்களுக்குப் பயமா இருக்கான்னு கேட்டீங்களா? எதுக்குக் குடுக்கறாங்கன்னு கேட்டீங்களா?”

நான் கேட்டதே இல்லை.

சர்ஜன் மரத்துப்போக ஊசி போட்டு, சிரையில் சின்னதாகத் திறந்து, நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். பலூனை ஊதிப் பின்னால் இழுத்தபோது மண்புழு அளவில் ஒரு கறுப்புக் கட்டி வெளியே வந்தது. சிறிது நேரத்தில் என் கைக்குள் பழைய அதிர்வு ஓடியது. அப்போது எனக்கு நிம்மதி போய்ப் பயம் வந்தது. எதை இழக்கப் பார்த்தேன் என்ற பயம்.

செல்வி வராந்தாவுக்கு ஓடிவந்தாள். சிஸ்டர் அவளிடம், “அண்ணி, இவருக்குக் காலைல ஆறு மணிக்கே தெரியும். ஏன் சொல்லலேன்னு கேளுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

செல்வி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“இன்னா நெனச்சிக்கினு இருக்க நீ? என் ஒடம்பு அது. நான் குடுக்கறேன்றேன். வேணான்றதுக்கு நீ யாரு?”

“உனக்குப் பயமா இல்லியா?” முதல்முறையாகக் கேட்டேன்.

“கீது. ரொம்பக் கீது. பயம் இருக்கறவங்க குடுக்கக்கூடாதுன்னு எதுனா சட்டம் கீதா?” பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வாரத்துல மூணு நாளு நீ வீட்டுக்கு வர்றியா இல்லியான்னு வாசலைப் பாத்துக்கினு நிக்கறேனே, அந்தப் பயத்தைவுட இது சின்னது. ஒரு வாட்டினா என்னைக் கேட்டியா?”

எட்டு மாதத்தில் மாற்று அறுவை நடந்தது. சாம்பல் நிறத்தில் குளிர்ந்து கிடந்த சிறுநீரகத்தை என் ரத்தக்குழாய்களோடு தைத்து, ரத்தத்தைத் தடுத்திருந்த கவ்வியை எடுத்ததும், ரத்தம் பாய்ந்து அது ரோஜா நிறத்துக்கு மாறியதாம். சிறுநீர்க்குழாயைத் தைத்து முடிக்கும் முன்பே சொட்டத் தொடங்கிவிட்டது என்று சர்ஜன் சிரித்தபடி சொன்னார். நான்காம் நாள் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து நின்று, உள்ளேயிருந்த என் ஃபோனுக்குப் போட்டுக் கேட்டாள்: “என்னுது எப்படி வேல செய்யுது?”

“உன்னை மாதிரியேதான். ஒரு நிமிஷம் ஓயறதில்ல.”

சிஸ்டர் வந்து பார்க்கவில்லை. தொற்று பரவும், நானும் வரமாட்டேன், நீங்களும் மையத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை ஃபோன் செய்வார். “கிரியேட்டினின் எவ்வளவு?” என்பார். புதுச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது. சொன்னால், “சலா, சரி, நல்லது,” என்று வைத்துவிடுவார்.

அடுத்த வருடம் ஜுன்னர் பக்கம் ஒரு தாலுகா ஊரில் புதிதாக டயாலிசிஸ் மையம் திறந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றதும் அவர் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். காகாவுக்கு இப்போது சைக்கிள் தூரம்தான் என்று கேள்விப்பட்டேன்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஒருநாள் அழைத்தார். “அண்ணா, இங்க ஒரு பொண்ணு இருக்கா. இருபத்தாறு வயசு. கையில ஆபரேஷன் பண்ண விடமாட்டேங்கறா. புருஷன் குடுக்கறேன்னாலும் நகோங்கறா. நான் கேட்டுப் பாத்துட்டேன். என்கிட்ட பேசமாட்டா. நீங்களும் அண்ணியும் ஒருவாட்டி வாங்க. மாஸ்க் போட்டுக்குங்க.”

தன்னால் முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அரசு எஸ்.டி. பஸ்ஸில் போனோம். நான்கு கட்டில்கள் உள்ள சின்ன அறை. அந்தப் பெண் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். கழுத்தில் தற்காலிகக் குழாய். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். சிஸ்டர் எங்களை அறிமுகம்கூடச் செய்யாமல் இரண்டு ஸ்டூல்களைப் போட்டுவிட்டு எதிர்க்கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் மராத்தி சந்தை மராத்தி. தெரிந்த அளவில் சொன்னேன். சட்டைக்கையைச் சுருட்டி, மாற்று அறுவைக்குப் பிறகும் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினேன். வெகுநேரம் கழித்து அவள் திரும்பி, ஒரு விரலால் தொட்டாள். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி வைத்தாள்.

“வலிக்குமா?”

“முதல் வாரம் வலிக்கும். அப்புறம் பழகிடும்.”

அவள் என்னைவிட்டுச் செல்வியைப் பார்த்தாள். “நீங்கதான் கொடுத்தீங்களா? உங்களுக்கு இப்ப வேலையெல்லாம் செய்ய முடியுதா?”

செல்விக்கு என்னைவிட மராத்தி நன்றாக வரும். “ஆறு மாசம் கழிச்சு இவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் ஓடியாடி வேலை செஞ்சேன்,” என்றாள். “இவங்க உக்காந்து சாப்பிட்டாங்க.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த அவள் கணவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலைப்புக்குள்ளிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்து, யாரும் கேட்காமலே, சிஸ்டர் இருந்த பக்கமாக நீட்டினாள்.